கமலா சிஸ்டர் நின்ற இடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். "இங்க பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது ஆன்ட்டி" என்று உங்களில் ஒருத்தி சிரித்தாள். வராதவர்களுக்கு வருகிறவர்கள் படித்துச் சொல்லட்டும். ஹிந்தியிலும் மராட்டியிலும் எத்தனையோ பிரசவம் பார்த்திருக்கிறேன். ஆனால் மனசில் தங்கிப்போனதைச் சொல்ல எனக்கு மாட்டுங்காவில் அம்மா பேசிய பாஷைதான் வரும்.

போன மாதம் உங்களோடு பேசிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "என் மனசுக்கு ஒப்பாத ஒண்ணைச் செய்யச் சொன்னா நான் என்ன பண்ணணும் மேடம்? சட்டம் என்ன சொல்லுது?" அன்றைக்கு நேரமாகிவிட்டது என்று நழுவிவிட்டேன். சட்டத்தை நீங்களே படித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிந்தது, என் கண் முன்னால் நடந்த ஒரு நாள். அதைச் சொல்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. மகப்பேறு படிப்பை முடித்த கையோடு, தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் இருந்த ஒரு சிறிய தர்ம ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தேன். தோல் பதனிடும் ஷாப்களில் வேலை செய்கிறவர்களின் பெண்டாட்டிகள் காலையில் வந்து வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். வீட்டில் சமையலை முடித்துவிட்டு மாட்டுங்கா மாமிகள் அதற்கப்புறம் வருவார்கள்.

எங்கள் தலைமை டாக்டர் மராட்டியர். தாதரில் பிறந்து வளர்ந்தவர். பெயர் வேண்டாம். நாங்கள் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். அவர் தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அந்தத் தமிழ் முழுக்கத் தாராவிப் பெண்களிடம் கற்றுக்கொண்டது. தமிழ் என்றாலே இப்படித்தான் பேச வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஒருமுறை பாங்கு அதிகாரி ஒருவரின் மனைவி, பட்டுப் புடவையும் வைரத்தோடுமாக வந்து உட்கார்ந்தார். பெரிய டாக்டர் அவரைப் பார்த்து அன்பாக, "ஏளா, எங்கன வலிக்கி?" என்றார். 'ஏடீ' என்று கூப்பிட்ட மாதிரி இருந்ததில் அந்த அம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் வெளியே கூட்டிப்போய் விஷயத்தை விளக்கினேன். அதற்கப்புறம் அந்த மாமி அவரைத் தவிர வேறு டாக்டரிடம் காட்டினதே இல்லை. என்னையும் அவர் "ஏளா டாக்டரு" என்றுதான் கூப்பிடுவார். என் அப்பா ஒருநாள் அதைக் காதால் கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அப்போது இருந்தது வெள்ளைக்காரன் எழுதி வைத்த சட்டம். கருவைக் கலைக்கிற டாக்டருக்கு ஜெயில். கலைத்துக்கொள்கிற பெண்ணுக்கும் ஜெயில். தாயின் உயிரைக் காப்பாற்ற வேண்டி, நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் குற்றமில்லை. அதனால் யாரும் எங்களிடம் நேராக வந்து கேட்கமாட்டார்கள். யாரிடமோ போய், எதையோ வைத்துக்கொண்டு, காய்ச்சலும் ரத்தப்போக்குமாக வந்து விழுவார்கள். சிலரை எழுப்பி அனுப்பினோம். சிலரை எழுப்ப முடியவில்லை.

அந்தச் சட்டத்தை மாற்றலாமா என்று ஆராய அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. டாக்டர்கள் எல்லாம் எங்கே கூடினாலும் இதே பேச்சு. மாட்டுங்காவில் ஒரு ஹாலில் கூட்டம் நடந்தது. மாற்றவேண்டும் என்று நான் எழுந்து பேசினேன். அதுதான் முதல்முறை நாலு பெரியவர்கள் நடுவில் நான் வாயைத் திறந்தது. எனக்கு அடுத்து எழுந்தவர் பெரிய டாக்டர். மாற்றக்கூடாது என்று பேசினார். "இன்று தாயைக் காப்பாற்ற என்பீர்கள். நாளைக்கு மாமியார் மருமகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாள். நம்மில் சிலர் அதை வியாபாரம் ஆக்குவார்கள். அந்தப் பெண்ணைக் கேட்பது யார்?" என்றார். கைத்தட்டல் அவருக்குத்தான் அதிகம்.

கூட்டம் முடிந்து ஸ்டேஷன் வரை சேர்ந்தே நடந்தோம். நான் உம்மென்று வந்தேன். அவர்தான் ஆரம்பித்தார்.

"நல்லாத்தான் பேசுன. கை ஏம்ளா நடுங்குச்சு?"

"நீங்க எதுத்தாப்பல உக்காந்துண்டிருந்தா நடுங்காம என்ன செய்யும்?"

அவர் சிரித்துவிட்டு, வழியில் இருந்த ஹோட்டலில் எனக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார்.

அந்த மழைக்காலத்தில்தான் செல்லத்தாய் வந்தாள். தாராவிக்காரி. முப்பது வயதுகூட இருக்காது. மூன்றும் பெண் குழந்தைகள். நாலாவது கர்ப்பம், மூன்றாம் மாதம். அவள் வாசலில் இருந்து பெஞ்சு வரைக்கும் நடந்து வந்ததைப் பார்த்தே பெரிய டாக்டர் எழுந்துவிட்டார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. பாதம் வீங்கியிருந்தது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சலில் இதயத்தின் வால்வு கெட்டுப்போயிருந்தது. மூன்றாவது பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். இப்போது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியின் இதய டாக்டரிடம் அனுப்பினோம். வால்வை விரித்துவிடும் அறுவைக்கு இவள் உடம்பு ஏற்றதல்ல, இந்தக் கர்ப்பத்தைச் சுமந்தால் பிரசவம் வரைக்கும் தாங்கமாட்டாள் என்று அவர் எழுதிக் கொடுத்தார். வார்டில் சேர்த்து, மருந்து கொடுத்து, மூச்சைக் கொஞ்சம் தணித்தோம். அவ்வளவுதான் முடிந்தது. இனி கர்ப்பத்தை எடுப்பது ஒன்றுதான் வழி.

எங்கள் ஆஸ்பத்திரி வழக்கப்படி இப்படிப்பட்ட எதற்கும் புருஷன் கையெழுத்து வேண்டும். புருஷன் முத்தையா தோல் ஷாப்பில் வேலை செய்கிறவன். சாது. வாயைத் திறக்கமாட்டான். அவன் அண்ணன் சுடலைமணிதான் பேசுவார். தம்பியை ஊரிலிருந்து கூட்டி வந்ததும், வேலை வாங்கிக் கொடுத்ததும், தன் குடிசைக்கு மேலேயே தங்க வைத்ததும் அவர்தான்.

"மூணும் பொட்டையாப் போச்சு. இதாவது ஆணாப் பொறக்கும்னு எங்க அம்மை சாமிக்கு நேந்துருக்கா. எங்க வீட்டுப் பிள்ளைய எடுக்க ஒங்களுக்கு என்ன அதிகாரம்? எந்தம்பி கையெழுத்துப் போடமாட்டான்" என்றார். முத்தையா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரிய டாக்டர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். நான் மட்டும் இருந்தேன். கட்டிலின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"செல்லத்தாயி, ஒம் புருசன் நெனைக்கது இருக்கட்டும். அவன் அண்ணன் நெனைக்கதும் இருக்கட்டும். நீ என்ன நெனைக்க?"

அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. யாரும் அவளிடம் இப்படிக் கேட்டதில்லை என்று தோன்றியது. அவரும் அவசரப்படுத்தவில்லை.

"வயித்துல உள்ளதும் எம் பிள்ளதான் டாக்டர்" என்றாள். "அதுல எனக்கு ஒரு வித்தியாசமும் கெடையாது. ஆனா வெளிய மூணு நிக்கி. நான் போய்ட்டேன்னா அதுகளுக்கு யாரு தலை சீவி விடுவா?"

"ஆபரேசன்லயும் உசுருக்கு ஆபத்து உண்டு. மயக்க மருந்த ஒன் நெஞ்சு தாங்கணும். அதையும் சொல்லிட்டேன்."

"தெரியும் டாக்டர். எடுத்துருங்க."

வெளியே வந்ததும் நான் கேட்டேன், "சார், அன்னிக்குக் கூட்டத்துல எதிர்த்துப் பேசினேளே?"

"அன்னைக்கு கேட்டது நாளைக்குச் சட்டம் எப்படி இருக்கணும்னு. அதுல என் பேச்சு மாறல. இவளுக்கு, இருக்குத சட்டத்துலயே எடம் இருக்குல்லா? இல்லன்னு சொல்லிட்டு நான் பத்திரமா வீட்டுக்குப் போயிரலாம். அப்போ நான் என்னத்துக்கு டாக்டரு?"

"புருஷன் கையெழுத்து?"

"சட்டத்த எடுத்துப் பாரு. பொம்பளையோட சம்மதம்னுதான் இருக்கு. புருசன் எங்கயும் வரல. அது நாமளா நமக்குப் பயந்து வச்சிக்கிட்டது."

சுடலைமணியிடமும் இதையே சொன்னார். "அப்ப நான் போலீசுக்குப் போவேன்" என்றார் சுடலைமணி. "போங்க. வெளிய போயி வலது பக்கம் திரும்புனா போலீசு சௌக்கி" என்றார் பெரிய டாக்டர். அதில் கிண்டல் இல்லை. நிஜமாகவே வழி சொன்னார்.

மறுநாள் காலையில் ஆபரேஷன். தியேட்டர் சிஸ்டர் கமலா. செம்பூரிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்பே கருவி கையில் இருக்கும், அப்படி ஒரு சிஸ்டர். அன்றைக்குப் புடவைக்கு மேல் கவுன் போடாமலே பெரிய டாக்டரின் அறைக்கு வந்தார்.

"டாக்டர், என்னால இதுல நிக்க முடியாது. மனசு ஒப்பலை. வேலையை விட்டுப் போகச் சொன்னாப் போயிடறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்தே சொல்லியிருக்கலாமே சிஸ்டர். இந்த நேரத்துலயா?" என்றேன்.

"நேத்து ராத்திரி பூரா முடியும்னு நெனைச்சு என்னை நானே தயார் பண்ணிப் பார்த்தேன். முடியலை" என்றார் கமலா சிஸ்டர்.

பெரிய டாக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். காரணம் என்ன என்று அவர் கேட்கவே இல்லை. சாமி பக்தியா, சொந்த வாழ்க்கையில் ஏதாவதா, இன்றுவரை எனக்கும் தெரியாது.

"வேலைய எதுக்கு விடணும்? பிரசவ வார்டு சிஸ்டர் உள்ள வருவா. ஆபரேசன் முடிஞ்சப்புறம் செல்லத்தாயப் பாத்துக்கிடுவியா?"

"அது என் வேலை டாக்டர். அதுக்கு எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

அவர் போனதும் பெரிய டாக்டர் என்னிடம் சொன்னார்: "புதுச் சட்டம் வரணும்னு பேசுதல்லா, இதையும் சேர்த்துப் பேசு. கமலா மாதிரி ஒருத்திய என்ன செய்யணும்னு."

அதோடு என்னையும் தியேட்டருக்குள் வரக்கூடாது என்றுவிட்டார். நான் சண்டை பிடித்தேன். "கேஸு கீஸுன்னு ஆச்சுன்னா ஒத்தப் பேரோட போகட்டும். ஒனக்கு ரிஜிஸ்ட்ரேசன் மையே இன்னும் காயல. வெளிய இரு. யாரு வந்து என்ன கேட்டாலும் பொய் சொல்லாத. அவ சமாச்சாரத்தையும் சொல்லாத" என்றார். பொய்யும் சொல்லாமல் உண்மையையும் சொல்லாமல் எப்படிப் பேசுவது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் உள்ளே போய்விட்டார்.

தியேட்டருக்கு வெளியே ஒரு நடை. அதில் ஒரு பெஞ்சு. முத்தையா ஒரு ஓரத்தில் குந்தியிருந்தான். சிறிது நேரத்தில் மழையில் நனைந்த பூட்ஸ் சத்தம் கேட்டது. சுடலைமணி ஒரு இளவயது சப்-இன்ஸ்பெக்டரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மயக்கம் கொடுத்து, அந்தப் பெண்ணின் விருப்பம் இல்லாமல் பிள்ளையைக் கலைக்கிறார்கள் என்று புகார்.

"உள்ளே என்ன ஆபரேஷன் நடக்கிறது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் ஹிந்தியில் என்னைக் கேட்டார்.

"தலைமை டாக்டர் வெளியே வந்ததும் அவரே சொல்வார். நோயாளியைப் பற்றி நான் சொல்ல முடியாது" என்றேன்.

அவர் என்னைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனார். கதவைத் திறந்திருப்பார். அதற்குள் கமலா சிஸ்டர் வார்டிலிருந்து வந்து கதவுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுவிட்டார். ஓடிவந்த மாதிரிகூட இல்லை. எப்போதும் நடக்கிற நடைதான்.

"உள்ளே மயக்கத்துல ஒரு பேஷண்ட் இருக்காங்க. இந்த பூட்ஸோட யாரும் போக முடியாது."

சுடலைமணி குறுக்கே வந்தார். காலையில் அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "சாஹேப், இந்த நர்ஸ்தான் மாட்டேன்னு சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு முகம் மாறிவிட்டது. "அப்படியா சிஸ்டர்? மறுத்தீர்களா?"

"மறுத்தேன்."

"தப்பான காரியம் என்பதால்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அதை அவர் சொல்லியிருந்தால் பொய்யென்றுகூடச் சொல்ல முடியாது. பெரிய டாக்டரின் இத்தனை வருஷப் பெயரும், உள்ளே படுத்திருந்தவளும், அந்த ஒரு வார்த்தையில் இருந்தார்கள்.

"என் மனசுக்கு ஒப்பலை, அதனால வெளியில நிக்கறேன்" என்றார் கமலா சிஸ்டர். "உள்ள நடக்கறது திருட்டு வேலை இல்லை. அந்தப் பொண்ணு உடம்பு எந்த நிலைமையில இருக்குன்னு எனக்குத் தெரியும். அதை உங்ககிட்ட நான் சொல்லக் கூடாது. டாக்டர் அவ உசிருக்காகத்தான் செய்யறார். கோர்ட்டுல நிறுத்திக் கேட்டாலும் இந்த ரெண்டையும்தான் சொல்வேன். நீங்க உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

அவர் உட்கார்ந்தார். டீ வேண்டாம் என்றார்.

சற்று நேரத்தில் கதவு திறந்தது. பெரிய டாக்டரின் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று புரிந்துவிட்டது. போலீஸை அவர் கவனிக்கவே இல்லை. "கமலா, காரியம் முடிஞ்சுது. மூச்சு வாங்குது, நெஞ்சுல நீர் கோக்குது..." அவர் சொல்லி முடிக்கவில்லை. கமலா சிஸ்டர் செருப்பை உதறிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த நேரம் முழுவதும் நான் பெஞ்சின் பக்கத்தில் நின்றேன். முத்தையா முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து கமலா சிஸ்டரின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. "செல்லத்தாய், என்னைப் பாரு. மூச்சை இழு. இன்னும் கொஞ்சம். என் தோள்ல சாஞ்சுக்கோ." திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. சுடலைமணிகூடத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் வெளியே வந்து, "இருக்கா" என்றார். பிறகுதான் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். கேட்கும் முன்பே சொல்லிவிட்டார். "ஆமாம், கர்ப்பத்தை எடுத்தேன். தாயின் உயிருக்காக. அவளே கேட்டுக்கொண்டாள். அவள் தெளிந்து, அவளுக்குச் சம்மதம் என்றால் நீங்களே கேளுங்கள். அதுவரை நான் எங்கும் போகமாட்டேன்."

சாயங்காலம் செல்லத்தாய் சரியென்று தலையசைத்த பிறகு சப்-இன்ஸ்பெக்டரைக் கட்டில் பக்கம் விட்டோம். முதுகில் தலையணைகள் அடுக்கி உட்கார வைத்திருந்தது. நான் மொழிபெயர்த்தேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்று கேட்டார்.

"ஒருத்தரும் கட்டாயப்படுத்தல. நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "எங்கிட்டக் கேட்டாவ. நான் சொன்னேன்" என்றாள்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். விசாரணை, கேஸ் என்று எதுவும் வரவில்லை. ஆனால் வராது என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. ரொம்ப நாள் வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டாலே நான் எட்டிப் பார்ப்பேன்.

"வாலே, வீட்டுக்குப் போவோம்" என்று தம்பியைக் கூப்பிட்டார் சுடலைமணி.

"நீங்க போங்கண்ணே. நான் இவகூட இருக்கேன்" என்றான் முத்தையா. அவன் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான்.

மறுநாள் பக்கத்துக் கட்டிலில் ஒருத்தியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன். கமலா சிஸ்டர் செல்லத்தாய்க்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் கேட்டாள்: "நான் பாவம் பண்ணிட்டனாக்கா?"

வேறு யாரிடம் கேட்டிருந்தாலும் உடனே இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன். கமலா சிஸ்டர் சொல்லவில்லை. தனக்கு நம்பிக்கையில்லாததை நோயாளியிடம் சொல்கிற வழக்கம் அவருக்கு இல்லை. கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார். "நீ கஷ்டப்பட்டுத்தான் கேட்டேன்னு தெரியும். பொண்ணுங்க மூணு பேரும் வாசல்ல நிக்கறாங்க. சின்னது அழுதுகிட்டு இருக்கு. கூட்டிட்டு வரட்டுமா?"

வார்டுக்குள் குழந்தைகளை விடுகிற பழக்கமில்லை. கமலா சிஸ்டர்தான் அதில் ரொம்பக் கண்டிப்பு. அவரே போய்க் கூட்டிவந்தார். சின்னதைத் தூக்கிக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு, மற்ற இரண்டையும் இரு பக்கமும் நிறுத்திவிட்டு, மீதிக் கஞ்சியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய டாக்டர் அந்த நேரம் ரவுண்ட்ஸ் வந்தார். குழந்தைகளைப் பார்த்தார். அப்படியே அடுத்த வார்டுக்குத் திரும்பிவிட்டார்.

சில வருஷங்களில் புதுச் சட்டம் வந்தது. அப்புறம் அதையும் மாற்றினார்கள்; இனியும் மாற்றுவார்கள். அதில் என்ன இருக்கிறது, கவுன்சில் விதி என்ன சொல்கிறது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் இன்றைக்கே உட்கார்ந்து படியுங்கள். பாதி பயம் படிக்காததால் வருவது. புருஷன் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று இன்னும் சில இடங்களில் பெண்களைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். உங்களில் யாராவது அப்படிச் செய்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளைக் கேளுங்கள். பதில் வர நேரமாகும். காத்திருங்கள்.

பின்வரிசைப் பெண்ணே, உன் மனசு ஒப்பவில்லை என்றால் முன்கூட்டியே சொல். உனக்குப் பதில் வேறொருவர் வர நேரம் கொடு. கமலா சிஸ்டருக்கு அன்று அதுதான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. ஆனால் தள்ளி நிற்பதென்றால் எவ்வளவு தூரம் தள்ளி நிற்கப் போகிறாய் என்பதை யோசித்துக்கொள்.

செல்லத்தாய் அதன் பிறகு பல வருஷம் இருந்தாள். மூத்தவள் பள்ளிக்கூடத்தை முடித்து விக்ரோலியில் ஒரு ஃபாக்டரியில் வேலைக்குப் போனதைப் பார்த்தாள். மாதாமாதம் மருந்து வாங்க வருவாள். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். வேறு நர்ஸுகளும் இருப்பார்கள். "வா, நான் பாக்கறேன்" என்றால், பெஞ்சை விட்டு எழுந்திருக்கமாட்டாள்.

"நீங்க மத்தவளப் பாருங்க டாக்டரம்மா. கமலாக்கா வரட்டும்" என்பாள்.